கோணலுக்கு ஒரு மதிப்பெண்

மார்ச் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

முழங்காலைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சுகம். உன் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று மருமகன் போனில் சொன்னான். இப்போது தெருக்கோடிப் பெயர்ப்பலகையைக்கூடப் படிக்கிறாயாமே. எனக்கும் பலகை நன்றாகத் தெரிகிறது. படிக்கத்தான் தெரியாது, அது கண்ணின் குற்றம் இல்லை.

வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுகிறாள். போனிலேயே பேசியிருக்கலாமே என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ வாயைத் திறக்க முடியாது. (என்னையும் வாயைத் திறக்காமல் எழுதச் சொல்கிறார். அது நடக்கிற காரியமா நாத்தனாரே? - அண்ணி)

விஷயம் இதுதான். போன வாரம் பட்டறைக்கு ஒரு பல் டாக்டர் வந்தார். வீட்டில் யாரோ இறந்துபோய் சவப்பெட்டிக்குச் சொல்ல வந்திருக்கிறார் என்று நான் முகத்தை அதற்கேற்ப வைத்துக்கொண்டு அளவு நாடாவை எடுத்தேன். "நாடாவை உள்ள வைங்க பெரியவரே, எங்க வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் நீ. துறைமுகத்துக் காக்கிச் சட்டையோடு, தலைக்குமேல் நம் பொம்மை விமானம் கோணலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்.

"அச்சுல ஏதோ கோளாறுன்னு நெனச்சோம்" என்றார். "ஒரு பக்க இறக்கை கீழ எறங்கி மேல ஏறுது. இன்னொரு பக்கம் மேல ஏறி கீழ எறங்குது. இப்படி ஒரு விமானம் நிஜமாவே இருந்துச்சா?"

"இருந்துச்சான்னா கேக்கறீங்க? பறந்துச்சு."

மாதிரி விமானச் சங்கம் ஒன்றின் செயலாளராம் அவர். செப்டம்பரில் பழைய காலத்து ரேடியோ விமானங்களுக்கு மட்டும் வித்தைப் போட்டி வைக்கிறார்கள். அதில் விசித்திர இறக்கைகளுக்கென்று தனிப் பிரிவு. அந்தக் காலத்தில் ஒருமுறையாவது போட்டி மைதானத்தில் பறந்த வடிவமாக இருக்கவேண்டும். அதே வடிவத்தில் புதிதாகக் கட்டினாலும் ஒப்புக்கொள்வார்கள். அவர் படியிறங்கிப் போவதற்குள் நான் மரம் அறுக்கத் தொடங்கிவிட்டேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் எழுதுகிற கைக்கு முழுதாகத் தெரியாது, தெரிந்துகொள்ளட்டும். வரைபடத்தில் இடது இறக்கை மட்டும்தான் போட்டிருந்தது. வலது இறக்கைக்குத் தாளைத் திருப்பிப்போடு என்று ஓரத்தில் எழுதியிருந்ததாம். எனக்கு எழுத்து என்றால் எறும்பு ஊர்ந்த மாதிரி. எறும்பை யார் படிப்பது? நீ துறைமுகத்தில் கிரேன் மேலே இருந்தாய். நான் பாட்டுக்கு அதே தாளின்மேல் இரண்டு இறக்கையையும் கட்டிவிட்டேன். இரண்டும் இடது! விடிந்தால் போட்டி. ஒன்றைக் குப்புறக் கவிழ்த்து வலப்பக்கம் மாட்டினேன். மேலும் கீழும் ஒரே வளைவு உள்ள இறக்கை என்பதால் கச்சிதமாகப் பொருந்தியது. நடுவில் இருந்த மடிப்பு மட்டும் எதிர்ப்பக்கமாகப் போய்விட்டது. முன்னால் நின்று பார்த்தால் நெளிகிற பாம்பு. நீ வந்து பார்த்தாய், தரையில் உட்கார்ந்தாய், பிறகு சிரிக்கத் தொடங்கினாய். கோணல் என்று பெயர் வைத்தவளே நீதான்.

அது பறந்த பறப்பை நான் சொல்லவேண்டுமா? மற்றவர்களின் விமானமெல்லாம் தலைகீழாக ஓட்டினால் நிமிரத் துடிக்கும். கோணலைக் கவிழ்த்தாலும் அதே நெளிவுதான். அதற்கு மேல் எது கீழ் எது என்றே கிடையாது. கரும்பலகையில் எல்லாருக்கும் மேலே உன் மதிப்பெண்ணை எழுதினார்கள். எழுத்துதான் வராதே தவிர எண் எனக்கு வரும். அதற்குள் யாரோ போய், கொடுத்த வரைபடம் வேறு, கொண்டுவந்த விமானம் வேறு என்று புகார் சொன்னார்கள். தலைமை நடுவர் வந்து பார்த்து, "இது வடிவம் இல்ல, தப்பு" என்று சொல்லி ஈரத்துணியால் எண்ணைத் துடைத்தார்.

அந்தப் பலகையில் கோணலுக்கு ஒரு எண் நிற்கவேண்டும். துடைக்காத எண். நீ வந்து ஓட்டு.

உன் அண்ணன்

*

மார்ச் 23

அன்புள்ள அண்ணாவுக்கும், குறுக்கே எழுதுகிற அண்ணிக்கும்,

கடிதம் வந்தது. நீ விரும்பியபடியே வாயை மூடிக்கொண்டு முடிவுவரை படித்தேன். இப்போது நீ மூடிக்கொள்.

நான் வரவில்லை.

பேரனுக்குக்கூட, பாட்டியால் என்ன முடியும், என்ன முடியாது என்று தெரிகிறது. உனக்குத் தெரியவில்லை. ரிமோட்டைக் கையில் எடுத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. கிரேனை விட்டே பத்து வருடம். மகனிடம் சொன்னேன். "அம்மா, நீ மாடிப்படி ஏறவே கைப்பிடியைப் பிடிச்சுக்கறே" என்றான். மருமகள் ஒன்றும் சொல்லாமல் என் மாத்திரை டப்பாவை எடுத்து முன்னால் வைத்தாள். நல்ல பெண்தான், ஆனால் அவள் சும்மா இருப்பதே ஒரு பேச்சு.

இதெல்லாம் சாக்கு என்று நீ சொல்வாய். சாக்குதான். உண்மையைச் சொல்லட்டுமா?

அண்ணா, நான் பறக்கவிட்ட ஒன்றைக்கூட நீ பார்த்ததில்லை. விமானம் தரையை விட்டுக் கிளம்பியதும் நீ திரும்பி நின்றுகொள்வாய். எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீ ஒருவன் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். கோணல் பறந்ததையும் நீ பார்க்கவில்லை. அன்று நீ பார்த்தது கரும்பலகையை மட்டும்தான்.

அடுத்த வருடம் பேக்கரிக்காரர் தான் கட்டிய விமானத்தைக் கொடுத்து ஓட்டச் சொன்னார். நேர் இறக்கை, யாரும் குறை சொல்ல முடியாத இறக்கை. கோப்பை வாங்கினேன். அந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டு நேரே உன் பட்டறைக்குத்தான் வந்தேன். நீ பலகை இழைத்துக்கொண்டே, "அங்க வை, தூசி படாம" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நமக்குள் கல்யாணம், காய்ச்சல், வீட்டு வாடகை எல்லாம் பேசியாகிவிட்டது. விமானத்தை மட்டும் பேசவில்லை.

நடுவரோடு உனக்கு இருக்கும் வழக்கை முடிக்க என் கட்டைவிரலைக் கேட்காதே. அந்தப் பல் டாக்டரே ஓட்டட்டும்.

அண்ணி, அவரை முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்கமாட்டார். இருந்தாலும் சொல்லுங்கள்.

உன் தங்கை

*

ஏப்ரல் 15

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் அண்ணி உன் கடிதத்தை இரண்டுமுறை படித்துக் காட்டினாள். முதல் முறை சரியாகக் கேட்கவில்லை என்று நான்தான் சொன்னேன். காது நன்றாகத்தான் கேட்டது.

நான் திரும்பி நிற்பது உண்மை. ஏன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அப்பா பட்டறையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் உளி பிடிப்பது இல்லை. செய்த பெட்டி வாசலைத் தாண்டினால் செய்தவன் முதுகைக் காட்டவேண்டும். போகிற பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றால், அடுத்த ஆளைத் தேடுகிறான் என்று ஆகிவிடும். பன்னிரண்டு வயதில் ஒருதரம் எட்டிப் பார்த்தேன். முதுகில் விழுந்த அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. என் கையால் செய்த எதுவும் என்னை விட்டுப் போகும்போது கழுத்து தானாகத் திரும்பிவிடுகிறது. பெட்டிக்குத்தான் அந்தச் சட்டம், விமானத்துக்கு இல்லை என்று புத்திக்குத் தெரியும். கழுத்துக்கு யார் சொல்வது?

ஆனால் திரும்பி நின்றவனுக்குக் காது இருக்கிறது, தங்கச்சி.

பேக்கரிக்காரரின் விமானத்தை நீ ஓட்டிய அன்று நான் வந்திருந்தேன். உள்ளே வரவில்லை. மைதானத்துச் சுவருக்கு வெளியே, சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து நின்றேன். பக்கத்தில் ஒருவர் பலூன் விற்றுக்கொண்டிருந்தார். முதல் இரண்டு வட்டமும் தண்ணீர் ஊற்றின மாதிரி போனது. மூன்றாவது வட்டத்தின் உச்சியில் என்ஜின் ஒருதரம் கமறியது. நீ பதறாமல் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாய், சத்தம் தெளிந்தது. பிறகு தலைகீழ் ஓட்டம். அதில் விமானம் நிமிரத் துடிப்பதும் நீ அதை அழுத்திப் பிடிப்பதும் சத்தத்திலேயே தெரிந்தது. கோணலில் அந்தத் தொல்லை இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். கைதட்டல் கேட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கோப்பையோடு நீ பட்டறைக்கு வந்தபோது, பார்த்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் பலகையை விட்டு நிமிரவில்லை.

(இது எனக்கே இன்றைக்குத்தான் தெரியும். அன்று கடைக்குப் போய்வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு போனவர் வெறும் பையோடு வந்தார். கடை பூட்டியிருந்ததாம்! - அண்ணி)

சரி. நீ வரவேண்டாம். பல் டாக்டரிடம் சொல்லிவிட்டேன், அவர் ஓட்டுகிறார். அவருக்குச் சொந்தமாக ஒரு விமானம் இருக்கிறது, இறக்கையே ஒரு வளையம். பெரிய முறுக்கு ஒன்றுக்குள் ஒரு குச்சியைச் செருகின மாதிரி. அதைப் பறக்கவிடுகிறவர் கோணலைப் பார்த்தா பயப்படுவார்?

இடது இறக்கை இரண்டும் முடிந்துவிட்டன. வேண்டுமென்றே இரண்டு இடது கட்டுவது, தெரியாமல் கட்டுவதைவிடக் கஷ்டம். கை அடிக்கடி சரியாகச் செய்யப் போய்விடுகிறது. மேலே போர்த்த அதே துணிதான்: பெட்டிக்கு உள்ளே ஒட்டுகிற பட்டின் மிச்சம். மேல் பக்கத்துக்குச் சிவப்புச் சாயம், அடிப்பக்கம் வெள்ளை.

உன் அண்ணன்

*

மே 9

அண்ணா,

மூன்றாவது வட்டத்தில் என்ஜின் கமறியது எனக்கும் அந்த என்ஜினுக்கும் மட்டும்தான் தெரியும் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நடுவர்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை. பேக்கரிக்காரருக்குத் தெரியவில்லை. வெளியே பலூன்காரர் பக்கத்தில் நின்றவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்குமேல் இதைப்பற்றி எழுதினால் காகிதம் நனைந்துவிடும். வேலையைப் பேசுவோம்.

பல் டாக்டர் ரிமோட்டை எப்படிப் பிடிக்கிறார்? கட்டைவிரலால் மட்டும் தள்ளுகிறாரா, இல்லை ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் குச்சியைப் பிடிக்கிறாரா? கோணலுக்கு இரண்டு விரல் வேண்டும். அது தலைகீழாகப் போகும்போது எல்லாரும் பழக்கத்தில் திருத்தப் போவார்கள். திருத்தக் கூடாது. சும்மா விடவேண்டும். கிரேனில் சுமை ஊசலாடும்போது புதிதாக வந்தவர்கள் துரத்திக்கொண்டே இருப்பார்கள், இன்னும் அதிகமாக ஆடும். அதே கதைதான். அவரிடம் சொல். அப்புறம் சுக்கானை ஒரு நூலளவு இடப்பக்கம் வைக்கச் சொல், இல்லாவிட்டால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கும். எடை நடுவில் நிற்கிறதா? என்ஜின் பழையதா, புதியதா? சக்கரம் உள்ளே மடங்குகிறதா?

நான் வருகிறேன் என்று அர்த்தம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மருமகள் உன்னிடம் போட்டுக்கொடுப்பதற்கு முன்னால். இங்கே ஊருக்கு வெளியே ஒரு சங்கம் இருக்கிறது. சும்மா எட்டிப் பார்க்கத்தான் போனேன். பழகுகிறவர்களுக்கான விமானம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். நன்றாகத்தான் ஏறியது. நன்றாகத்தான் திரும்பியது. பக்கத்து முட்டைக்கோஸ் தோட்டத்தில்தான் இறங்கியது. தோட்டக்காரி இடுப்பில் கைவைத்து நின்று, "இதுக்குத்தான் வீட்டுல பெரியவங்களைத் தனியா விடக் கூடாது" என்றாள். அவளுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம்.

மூன்று முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாளும் போனேன்.

உன் தங்கை

*

ஜூன் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

எடை நடுவில் நிற்கிறது. என்ஜின் பழையது, நமது அதே பழசு, பரணில் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தேன். சக்கரம் மடங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை பறக்கவிட்டுப் பார்த்தோம். பல் டாக்டர் நல்ல கைக்காரர், சந்தேகமே இல்லை. நீ சொன்னதையெல்லாம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். ஏற்றினார், இரண்டு சுற்று வந்தார், கவிழ்த்தார். கவிழ்த்ததும் அவர் கை பழக்கத்தில் திருத்தியது, கோணல் மிரண்டது, மறுபடி திருத்தினார். நான் வழக்கம்போல வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ஜின் இரைச்சல் பிள்ளை அழுகிற மாதிரி இருந்தது. எப்படியோ இறக்கிவிட்டார். இறக்கியதும் ரிமோட்டை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"பெரியவரே, எனக்கு மனசுல ஒரு மேலு, ஒரு கீழு இருக்கு. இதுக்கு இல்ல. இத ஓட்டறவங்க வேற ஆளு."

"அந்த ஆளு வரமாட்டேன்னு சொல்லுதே."

"முட்டைக்கோஸ் எத்தனை ஆச்சு இதுவரைக்கும்?" என்றார். உன் கடிதத்தை உன் அண்ணி அவருக்கும் படித்துக் காட்டியிருக்கிறாள். (காட்டினேன். அதற்கென்ன? - அண்ணி)

நான் கெஞ்சுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆகவே கெஞ்சவில்லை. மருமகனிடம் போனைக் கொடு, அவனிடம் கெஞ்சுகிறேன்.

உன் அண்ணன்

*

ஜூலை 11

அண்ணா,

நீ அவனிடம் என்ன சொன்னாய்? முக்கால் மணி நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு "சரி மாமா, சரி மாமா" என்று நடந்துகொண்டே இருந்தான். பிறகு வந்து, "அம்மா, ஜன்னலோர சீட்டா, நடைபாதை சீட்டா?" என்றான். மருமகள் மாத்திரை டப்பாவில் ஒரு மாதத்துக்கானதை அடுக்கித் தந்தாள். அவள் தரப்புச் சம்மதம் அப்படி.

வருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை.

போட்டியில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் நின்று அடுத்த வித்தை என்ன என்று சொல்ல ஓர் ஆள் உண்டு. ஓட்டுகிறவரின் கண் விமானத்தை விட்டு நகரக் கூடாது, அதனால்தான். சொல்கிறவரும் விமானத்தையே பார்த்துக்கொண்டு, அது எங்கே வந்திருக்கிறதோ அதற்கேற்றபடி சொல்லவேண்டும். அந்த ஆள் நீதான். முகத்தை வானத்துக்குத் திருப்பிக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை. கழுத்து திரும்பிற்றோ, நான் அங்கேயே ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவேன்.

எல்லாரும் காகிதத்தைப் பார்த்துச் சொல்வார்கள். உனக்குக் காகிதம் வேண்டாம். எட்டு வித்தையையும் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அண்ணி ஒருதரம் படித்துக் காட்டினால் போதும். எந்தக் காலத்தில் யாருக்கு எத்தனை அடி நீளத்தில் பெட்டி செய்தாய் என்று சொல்கிற ஆள், எட்டைப் பிடித்துக்கொள்ள மாட்டாயா?

ஆகஸ்ட் கடைசியில் வருகிறேன். அண்ணி, என்னை அழைக்க அவரை அனுப்பாதீர்கள். முழங்காலோடு படியேறி இறங்கி, அப்புறம் நான்தான் அவரைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும்.

உன் தங்கை

*

அக்டோபர் 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததும், மருமகன் போட்டிச் சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியதும் தெரிந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க அம்மா, எங்க மாமா" என்கிறானாம். சொல்லட்டும்.

போட்டியைப்பற்றி உனக்கே எழுதுகிறேனே என்று சிரிக்காதே. நீ அன்றைக்கு விமானத்தை மட்டும்தான் பார்த்தாய். நான் பார்த்ததை நீ பார்க்கவில்லை. உன்னோடு இருந்த நாளெல்லாம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது வருகிறது.

காலையில் மைதானத்தில் விமானங்களை வரிசையாக வைத்திருந்தார்களே, அந்த மாதிரி ஒரு கூட்டத்தை நான் கண்டதில்லை. ஒன்றுக்கு இறக்கை முன்பக்கமாகச் சாய்ந்திருந்தது, எதிர்க்காற்றில் ஓடுகிறவன் கையை நீட்டின மாதிரி. ஒன்றுக்கு வாலே இல்லை. ஒன்றுக்கு முன்னால் ஓர் இறக்கை, பின்னால் ஓர் இறக்கை, எது எதை இழுக்கிறது என்றே தெரியவில்லை. நடுவில் டாக்டரின் வளையம். கடைசியில் நம்முடையது. நடுவராக வந்த அந்தப் பெண் கோணலைச் சுற்றிச் சுற்றி வந்து, "இதுல எந்தப் பக்கம்மா மேல?" என்று கேட்டாள். "சிவப்பு இருக்கற பக்கம். ஆனா அதுகிட்ட சொல்லிடாதீங்க" என்றாய். அவள் சிரித்தபோதே எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

மீதி பயம் கழுத்தில் இருந்தது. நீ கிளப்பினாய். சக்கரம் தரையை விட்டது. என் கழுத்து அதன் வேலையைத் தொடங்கியது. "அண்ணா" என்று ஒரு சொல் சொன்னாய், திரும்பாமலே. சிறுவயதில் அப்பா என்னை அடிக்கப்போனபோது நீ குறுக்கே வந்து நின்று அவரைக் கூப்பிட்ட குரல் அது. நிமிர்ந்து பார்த்தேன்.

தங்கச்சி, எனக்கு எழுபத்தைந்து வயது. என் கையால் செய்த ஒன்று என்னை விட்டுப் போவதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். அது போகவில்லை. ஏறியது! சிவப்பு மினுங்கியது, வெள்ளை மினுங்கியது, மறுபடி சிவப்பு. நான் "வட்டம்" என்றால் வட்டம் போட்டது. "நாலு நிறுத்தம்" என்றால் உருண்டுகொண்டே நாலு இடத்தில் நின்று நின்று போனது. நான் சொல்வதும் அது செய்வதும் எங்கேயோ உன் கட்டைவிரலில் சந்தித்துக்கொண்டன. இத்தனை வருடம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்கும் நேரம் இல்லை, அடுத்த வித்தையைச் சொல்லவேண்டும்.

எட்டாவதாகத் தலைகீழ் ஓட்டம். கவிழ்ந்தது. கயிறு கட்டி இழுத்த மாதிரி போனது. பாதி வழியில் என்ஜின் நின்றது. என் பின்னால் யாரோ "ஐயோ" என்றார்கள். நீ அசையவில்லை. வித்தை முடியும் எல்லைக் கொடிவரை கவிழ்ந்தபடியே கொண்டுபோய்விட்டு, பிறகுதான் நம் பக்கம் திருப்பினாய். திருப்பின பக்கம் சூரியன். கோணல் கறுப்பாகிவிட்டது. சிவப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. வாலிலும் மேலே ஒன்று கீழே ஒன்று. சக்கரமும் உள்ளே. வெறும் நெளிவு ஒன்று நம்மை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, கண்ணு கூசிடுச்சு. எது மேல?"

இதை நீ என்னிடம்தான் கேட்டாய். அந்த மைதானத்தில் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான், ஏனென்றால் கிளம்பினதிலிருந்து நான் கண்ணைச் சிமிட்டவே இல்லை. நீ திருப்பினாயே தவிர நிமிர்த்தவில்லை. அது அப்படியே கவிழ்ந்துதான் வந்துகொண்டிருந்தது.

"வயிறு மேல இருக்கு! புரட்டு!"

நீ யோசிக்கவில்லை. ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. நான் சொன்ன நொடியில் புரட்டினாய், சக்கரத்தை இறக்கினாய், அது புல்மேல் ஒரு தட்டுத் தட்டி ஓடி நின்றது. சிவப்புப் பக்கம் மேலே.

அப்புறம் நடந்த கூச்சலில் உனக்கு எது காதில் விழுந்ததோ தெரியாது. டாக்டர் தன் வளையத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "பெரியவரே, எனக்கு உயிர் போயிடுச்சு, அளவெடுத்துக்கங்க" என்றார். உன் அண்ணி இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். நாற்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவளுக்கு விசில் வரும் என்பதே எனக்குத் தெரியாது. (கேட்டால்தானே சொல்வேன். - அண்ணி)

அந்த நடுவர்ப் பெண் பலகையில் எண்ணை எழுதினாள். அதற்குமேல் யாரும் இல்லை. வளையம் இரண்டாவது. நீ நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாய். நான் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். சாயங்காலம் பந்தலைப் பிரிக்கிறவர்கள் வந்து, "ஐயா, பலகையை எடுத்துக்கட்டுமா?" என்றார்கள். "துடைக்காம எடுங்க" என்றேன். "அப்படியே சங்கத்துச் சுவருலதான் மாட்டப்போறோம்" என்றார்கள். அப்புறம்தான் நகர்ந்தேன்.

இப்போது வேலை. உங்கள் ஊர்ச் சங்கத்தார் வசந்தகாலப் போட்டிக்குக் கோணலையும் உன்னையும் கூப்பிட்டிருப்பதாக எழுதியிருந்தாய். விமானத்தை எப்படி அனுப்புவது என்று கேட்டிருந்தாய். நீ யாரிடம் கேட்கிறாய் என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

என் சொந்தப் பெட்டிக்கென்று சில பலகைகளை எடுத்துவைத்திருந்தேன். இருபது வருடமாகக் காய்ந்த மரம், ஒரு கணு இல்லை, ஒரு விரிசல் இல்லை. போன வாரம் அதை எடுத்து இழைத்தேன். "அப்போ உங்களுக்கு?" என்றாள் உன் அண்ணி. "எனக்கு என்ன அவசரம்? வசந்தகாலத்துல தங்கச்சி பக்கத்துல நின்னு வித்தை சொல்லணும், டிக்கெட் எடுக்கற வழியப் பாரு" என்றேன். மூலைக்கு மூலை பலகைகளைக் கோத்துப் பூட்டி, உள்ளே பட்டு ஒட்டி, நெளிகிற இறக்கைக்கு ஏற்றபடி நெளிகிற படுக்கை செய்து வைத்திருக்கிறேன். ஆயுளில் இதைவிட நல்ல பெட்டி நான் செய்ததில்லை. நாளைக்கு லாரி வருகிறது.

போட்டி முடிந்ததும் கோணலை அதே பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பு. அடுத்த செப்டம்பருக்கு இங்கே வேண்டும். நான் செய்த பெட்டிகளில், போனது திரும்பி வரட்டும் என்று காத்திருக்கப்போவது இது ஒன்றுக்குத்தான்.

உன் அண்ணன்